சுவர் மட்டும்தான் தெரியும்

மலையிலிருந்து இறங்கி வீடு வந்து சேர்ந்ததும் குருவம்மாளுக்கு முதல் வேலை குளிப்பது. அடுப்புப் பற்றவைப்பது, சாயா போடுவது, வாசலில் நின்று யாரிடமாவது நாலு வார்த்தை பேசுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஏலக்காய்க் காட்டில் காய் எடுக்கப் போகிற எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் இதற்குக் காரணம் சொல்வாள். காய் தலைக்கு மேலே காய்த்துத் தொங்குவதில்லை. செடியின் தூரை ஒட்டி, தரையில் படர்ந்து கிடக்கிற சரத்தில் இருக்கிறது. அதைப் பறிக்கக் குனிந்து, குத்துக்காலிட்டு, இலைகளுக்கு அடியில் நுழைந்து உட்கார வேண்டும். முந்தின நாள்தான் அந்த இலைகளுக்கு மருந்து அடித்திருப்பார்கள். மழையும் பெய்திருந்தால் சொல்லவே வேண்டாம், மருந்தும் தண்ணீருமாகக் கழுத்து வழியே முதுகில் இறங்கும். சேலைக்கு மேலே போட்டிருக்கிற ஆம்பளைச் சட்டை நனைந்து, இடுப்பில் கட்டிய சாக்கு நனைந்து, அந்த ஈரத்தோடு ஜீப்பில் ஒருத்தி மடியில் ஒருத்தியாகப் போடிமெட்டு வளைவுகளில் இறங்கி வர வேண்டும். வீடு வருவதற்குள் தோல் எரிய ஆரம்பித்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றவில்லை என்றால் ராத்திரி முழுக்கச் சொறிய வேண்டியதுதான்.

இருபது வயதில் காட்டுக்குப் போக ஆரம்பித்தவள். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டாள். புருஷன் கன்னையன் மேலே ஓர் எஸ்டேட்டில், காய் உலர்த்துகிற ஸ்டோரில் வாட்சர். சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி வந்து திங்கட்கிழமை விடியலில் ஏறிவிடுவார். நல்ல மனுஷன்தான். சண்டை என்று ஒன்று வந்தால் மட்டும் ஒரு வளைவு தள்ளிப் போய் நின்றுகொள்வார்.

வீடு குருவம்மாளின் வீடு. அவள் அம்மா விட்டுப்போனது. போடியில் கொட்டகுடி ஆற்றுக்குப் போகிற பாதையில் ஒரு முட்டுச்சந்து, அதன் கடைசியில் இருக்கிறது. முன்னால் இரண்டு அறை, பின்னால் கொல்லை. கொல்லையில் ஒரு முருங்கை, துவைக்கிற கல், சிமெண்டுத் தொட்டி, அதை ஒட்டிக் குளிக்கிற இடம். மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்குச் சுவர், நாலாவது பக்கம் மறைப்புக்கு ஒரு பழைய சேலை. கூரை கிடையாது. கூரை போட வக்கில்லாமல் விட்டதல்ல அது. நாள் பூராவும் ஏலச்செடியின் நிழலிலும் ஈரத்திலும் கிடந்துவிட்டு வருகிறவளுக்குக் குளிக்கும்போதாவது முதுகில் கொஞ்சம் வெயில் பட வேண்டாமா? சாயங்கால வெயில் சரியாக அந்த இடத்தில்தான் விழும். அதில் நின்று தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வதுதான் அவள் வாழ்க்கையில் இருந்த ஒரே ஆடம்பரம்.

பக்கத்து மனையைப் பிரபாகரன் வாங்கினான். போடியில் மோட்டார், பம்புசெட்டு விற்கிற கடை வைத்திருக்கிற ஆள். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடியோடு கட்டினான். பால் காய்ச்சிய அன்று அவன் பெண்டாட்டி ரோஜா தூக்குவாளி நிறையப் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. அப்புறம் பிரபாகரன் கார் வாங்கினான். முட்டுச்சந்துக்குள் காரைக் கொண்டுவந்தால் திருப்ப முடியவில்லை. பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போய் ரோட்டில் ஏற வேண்டியிருந்தது. ஒருநாள் வந்தான்.

"அக்கா, நீங்களும் அண்ணனும் ரெண்டு பேருதான. இம்புட்டு எடத்த வச்சு என்ன செய்யப் போறீக? நல்ல வெல தர்றேன். சிலமலப் பக்கம் காத்தோட்டமா ஒரு வீடு பாத்துக்கங்க."

"காத்து இங்கயே நல்லாத்தான் வருது தம்பி."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன். இது எங்க ஆத்தா வீடு. விக்கிற மாதிரி இல்ல."

சிரித்துக்கொண்டேதான் போனான். அந்த மாதத்திலேயே அவன் மாடித் தண்ணீர் இறங்குகிற குழாயின் வாய் இவள் வாசலைப் பார்த்துத் திரும்பியது. கேட்டால், "கொத்தனார் மாத்தி வச்சிட்டாருக்கா" என்றான். காரை இவள் கதவு பாதிதான் திறக்கிற மாதிரி நிறுத்தினான். கேட்டால், "இந்தா எடுத்துர்றேன்" என்பான். எடுக்க மாட்டான். விடியலில் ஆள் ஏற்ற வருகிற ஜீப்பு ஹாரன் அடித்துத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஸ்டேஷனில் சொல்லிவைத்தான். ஜீப்பு ஓட்டுகிற சவுகத் அலி அன்றிலிருந்து சந்துக்குள் வராமல் ரோட்டிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. போதாததற்கு, "இருட்டுல யாரு வண்டியில ஏறிப் போறாங்களோ, நமக்கென்ன தெரியும்" என்று பெட்டிக்கடையில் நின்று ஒரு பேச்சு. முப்பது வருஷமாக மலைக்குப் போகிறவளைப் பார்த்து.

இவற்றில் எதைத் தனியாக எடுத்துச் சொன்னாலும், "இதுக்கெல்லாமா சண்ட போடுவாக" என்றுதான் கேட்கிறவர்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்கிற அளவுக்கு மட்டுமே செய்வான், அதற்கு மேல் ஒரு இம்மி போக மாட்டான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கோயில் திருவிழாவுக்கு மைக்செட்டு உபயம். அவன் மேல் ஒரு குறை சொன்னால் சொன்னவள்தான் சண்டைக்காரி.

அப்புறம் வந்தது கேமரா. ஆடி மாதம் ஒரு சாயங்காலம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு முகத்தைத் துடைத்து நிமிர்ந்தாள். அவன் மாடியின் மூலையில் வெள்ளையாக ஒன்று, நடுவில் கறுப்புக் கண்ணோடு இவளைப் பார்த்துக் குனிந்திருந்தது. கையிலிருந்த சொம்பைப் போட்டுவிட்டாள். ஈரப் பாவாடையோடு வீட்டுக்குள் ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் நின்றாள். தன் வீட்டுக்குள் தானே திருடி மாதிரி.

மறுநாள் காலையில் மலைக்குப் போகவில்லை. அவன் கடைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துப் போய் நின்றாள்.

"தம்பி, அந்தக் கேமரா என் கொல்லையப் பாத்து இருக்கு."

"திருட்டுப் பயம்க்கா. ஊரு கெட்டுக் கெடக்கு."

"திருடன் வந்தா தெருப் பக்கம்தான வருவான். குளிக்கிற எடத்தப் பாத்து எதுக்கு?"

"ஒங்க பக்கம் தெரியாதுக்கா. செவுரு மட்டும்தான் தெரியும். என் காம்பவுண்டுச் செவுரு."

"அப்ப போன்ல காமி. நானும் பாத்துக்கிறேன்."

"எல்லாத்தையும் எல்லாருக்கும் காமிக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.

தெருவுக்குப் பெரிய மனுஷன் பால்ராஜ். தேயிலைத்தூள் வியாபாரம் செய்கிறவர். நியாயம் கேட்டுப் போனால் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டி அனுப்புகிற ஆள். அவர் முன்னால் நின்று பிரபாகரன் இன்னொரு தரம் சொன்னான்: "செவுரு மட்டும்தான் தெரியும். என் கட மேல சத்தியம்." பால்ராஜ் குருவம்மாளைப் பார்த்து, "அதான் சத்தியம் பண்றாப்லயே" என்றார். ஸ்டேஷனுக்கும் போய்ப் பார்த்தாள். அங்கே இருந்த ஏட்டு, பிரபாகரனைப் போனில் கூப்பிட்டுப் பேசிவிட்டு வைத்தார்.

"கேமராவ ஒன் வீட்டுலயா வச்சிருக்கான்? அவன் வீட்டுல வச்சிருக்கான். செவுருதான் தெரியுதாம். பயமா இருந்தா மேல ரெண்டு தகரத்தப் போட்டுக்கம்மா."

ஞாயிற்றுக்கிழமை கன்னையனும் அதையேதான் சொன்னார். ஜீப்பில் பக்கத்தில் உட்காருகிற கருப்பம்மாள்கூட ஆற்றாமையில், "ரெண்டு தகரம்தானக்கா, போட்டுத் தொலைச்சிரு" என்றாள். இதுதான் குருவம்மாளுக்கு ஆறவில்லை. வைத்தவனிடம் எடு என்று சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை. மூடிக்கொள் என்று இவளிடம் சொல்ல ஊரே வரிசையில் நிற்கிறது. அவன் கண்ணைப் போட்டதற்கு இவள் ஏன் இருட்டுக்குள் போய்க் குளிக்க வேண்டும்? அப்புறம் அவன் ஜன்னல் பக்கம் இன்னொன்று மாட்டினால் ஜன்னலையும் அடைத்துவிடுவதா? வாசலைப் பார்த்து மாட்டினால் வாசலையும் அடைத்துவிட்டுச் செத்துப்போவதா?

கொஞ்ச நாள் கருப்பம்மாள் வீட்டில் குளித்தாள். அங்கே மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர். முறை வருகிறவரை ஈரச்சேலையோடு உட்கார்ந்திருந்ததில் தோள்பட்டையிலும் இடுப்பிலும் தடித்துச் சிவந்துபோனது. எத்தனை நாள் அடுத்த வீட்டில் போய் நிற்க முடியும்? மனுஷன் கடை மேல் சத்தியம் பண்ணியிருக்கிறான், சோறு போடுகிற கடை மேல் பொய்ச்சத்தியம் பண்ண மாட்டான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு திரும்பத் தன் கொல்லைக்கே வந்தாள். ஆனாலும் பழைய மாதிரி இல்லை. சுவரோரமாக ஒண்டிக்கொண்டு, சேலையை மார்போடு பிடித்துக்கொண்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டாமல் அவசர அவசரமாக இரண்டு வாளியை ஊற்றிக்கொண்டு உள்ளே ஓடுவாள்.

கன்னையனுக்கு இது போதவில்லை. ஒவ்வொரு வாரமும் இறங்கி வரும்போது ஒரு புது நியாயத்தோடு வருவார். "வித்துட்டுப் போயிரலாம் புள்ள. நமக்கு எதுக்கு வம்பு? நிம்மதிதான பெரிசு." அவளும் சில ராத்திரிகளில் அதை நினைக்காமல் இல்லை. ஆத்தா வீடு, ஆத்தா வீடு என்று சொல்லி என்ன பிரயோசனம், அதற்குள் ஒரு வாளித் தண்ணீரை நிம்மதியாக ஊற்றிக்கொள்ள முடியவில்லையே. அவன் எதிர்பார்த்ததும் அதைத்தானே. விலை பேசி வாங்க முடியாத வீட்டை அவமானப்படுத்தி வாங்குகிற வழி.

ஐப்பசியில் அவன் அவசரப்பட்டான். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் கன்னையனே கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட வைத்திருப்பார். குருவம்மாள் குளிக்கிற தண்ணீர் தன் காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் இறங்குகிறது, மலையில் அடிக்கிற மருந்தெல்லாம் அந்தத் தண்ணீரில் இருக்கிறது, தன் போர்த் தண்ணீர் கெட்டுப்போகிறது, ஆகவே குளிக்கிற இடத்தை இடிக்க வேண்டும் என்று அவனே பால்ராஜைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்தான். அக்கிரமம் செய்தவன் பிராது கொடுக்கிறான். நியாயம் கேட்டவள் பதில் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீட்டு முன்னாலேயே கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தான். பால்ராஜும் தெரு ஆம்பளைகள் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். கன்னையன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். குருவம்மாளும் கருப்பம்மாளும் தூணை ஒட்டி நின்றார்கள். ரோஜா சாயா டம்ளர்களை எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத் தட்டோடு நிலைப்படியில் நின்றாள்.

பிரபாகரன் நிதானமாக ஆரம்பித்தான். பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் என்றான். தனக்கு யார் மேலும் விரோதம் இல்லை என்றான். பால்ராஜ் தலையாட்டிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு சின்னக் கேள்வி கேட்டார்.

"அந்தம்மா ஊத்துறது ரெண்டு வாளித் தண்ணி. அதுலயா போரு கெட்டுப்போகுது?"

"ரெண்டு வாளியா?" என்றான் பிரபாகரன். குரல் ஏறிவிட்டது. "யாருண்ணே ஒங்களுக்குச் சொன்னது? போன செவ்வாக்கெழம தொட்டித் தண்ணி பூராவும் காலி. தொடையில அட்ட கடிச்சு ரெத்தம் நிக்கல. நின்னு நின்னு கழுவிக்கிட்டே இருக்காக. ரெத்தமும் மருந்துமா அம்புட்டும் என் செவுத்தடிக்குத்தான வருது?"

பால்ராஜ், "அதுவும் சரிதான்" என்று சொல்ல வாயெடுத்தார்.

குருவம்மாளுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை மேலே நல்ல மழை. அட்டை எப்போது ஏறியது என்றே தெரியாது, அட்டை கடித்தால் வலிக்காது. கொல்லையில் வந்து சேலையை அவிழ்த்த பிறகுதான் பார்த்தாள், முழங்காலுக்கு வெகு மேலே, கறுப்பாக உப்பித் தொங்கிக்கொண்டிருந்தது. பிய்த்து எறிந்தாள். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் லேசில் நிற்காது. அன்றைக்கு மட்டும், ரத்தம் நிற்க வேண்டுமே என்ற கவலையில், மாடி மூலையை மறந்துபோய் நெடுநேரம் நின்று தண்ணீர் ஊற்றினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. கருப்பம்மாளிடம்கூட. மலைக்குப் போகிறவர்கள் அட்டை கடித்ததை ஒரு செய்தியாகச் சொல்வதில்லை.

"பெரபாகரா," என்றாள். தம்பி என்று வரவில்லை. "அட்ட எங்க கடிச்சுச்சுன்னு சொன்ன?"

அவனுக்கு இன்னும் புரியவில்லை. "அதான் தொட..." என்று தொடங்கி, நிறுத்தினான்.

"என் தொடையில கடிச்சது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"தண்ணி செகப்பா வந்துச்சு. அத வச்சு..."

"தண்ணி செகப்பா வந்தா கையா காலா தொடையான்னு அதுல எழுதியிருக்குமா?"

கருப்பம்மாள் தூணை விட்டு முன்னால் வந்து, "செவுருதான தெரியும்னு சத்தியம் பண்ணுன? கட மேல பண்ணுன?" என்றாள். பிரபாகரன் சட்டைக் காலரைச் சரிசெய்தான். வாய் தவறி வந்துவிட்டது என்றான், யாரோ சொல்லிக் கேட்டேன் என்றான், யார் என்றால் பெயர் வரவில்லை. பால்ராஜ் தொண்டையைச் செருமினார்.

"சரி தம்பி. சந்தேகம்னு வந்துருச்சு. அந்தப் போன எடுங்க, எல்லாரும் பாத்துருவோம். செவுரு தெரியுதா, அந்தம்மா தெரியுதான்னு தெரிஞ்சுபோகும்ல."

நாற்காலிகள் முன்னால் நகர்கிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ஆள் ஒருத்தர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

அந்த ஒரு கணத்தில் குருவம்மாளுக்கு வந்த கோபம், பிரபாகரன் மேல் வந்த கோபத்தையும் தாண்டியது. அவன் ஒளிந்து பார்த்தான். இவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நியாயம் என்ற பேரில் பார்க்கப் போகிறார்கள். அவள் சொன்னது நிஜம் என்று நம்புவதற்கு இவர்கள் எல்லாருக்கும் அவள் உடம்பைக் காட்ட வேண்டுமாம்.

"ஆம்பளைக ஒருத்தரும் அந்தப் போனத் தொடக் கூடாது," என்றாள். கத்தவில்லை. ஆனால் கண்ணாடி மாட்டியவர் அதைக் கழற்றிவிட்டார். "ரோஜா பாக்கட்டும். அவ சொல்லட்டும்."

போன் அவன் நாற்காலிக் கைப்பிடியில்தான் இருந்தது. பிரபாகரன் எட்டுவதற்குள் கருப்பம்மாள் குறுக்கே வந்து நின்றுவிட்டாள். ரோஜா தட்டைத் தரையில் வைத்துவிட்டு வந்து போனை எடுத்தாள். "ரோஜா, குடு இங்க" என்றான் அவன். அவள் கொடுக்கவில்லை. நிலைப்படிக்குப் போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. திரும்பியபோது அவள் புருஷனைப் பார்க்கவில்லை.

"செவுரே தெரியலக்கா," என்றாள். "நீங்கதான் தெரியுறீக." போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, "தனியா எடுத்து வேற சேத்து வச்சிருக்காரு" என்றாள்.

கன்னையன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். எழுந்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இனிமேல் ஊர் வாயைத் திறந்து அவனை ஒரு வார்த்தை கேட்கும் என்றுதானே நினைப்போம்? கேட்கவில்லை. பால்ராஜ் எழுந்து வந்து தணிந்த குரலில் பேசினார். "நடந்தது நடந்துபோச்சு. ரோஜா, அத அம்புட்டையும் இப்பவே அழிச்சிரும்மா. தம்பி கேமராவத் திருப்பி வச்சிக்கிறட்டும். இதோட முடிஞ்சுபோகட்டும். வெளிய தெரிஞ்சா அந்தம்மாவுக்குத்தான் அசிங்கம்." பிரபாகரன் அதைப் பிடித்துக்கொண்டான். "ஆமா, அழிச்சிரு ரோஜா. அக்கா மானம் முக்கியம்." இத்தனை மாதமாக அந்த மானத்தைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தவன். கன்னையனும் குருவம்மாள் பக்கம் குனிந்து, "அழிச்சிரச் சொல்லு புள்ள" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

ரோஜாவின் விரல் போனின் மேல் இருந்தது. "அழிச்சிரவாக்கா?" என்று கேட்டாள்.

குருவம்மாளுக்கும் அழித்துவிடச் சொல்ல ஆசைதான். உடம்பெல்லாம் அதைத்தான் கேட்டது. இந்த நிமிஷமே அது இல்லாமல் போக வேண்டும், நெருப்பில் போட்ட மாதிரி போக வேண்டும். ஆனால் அழித்துவிட்டால் நாளைக்கு அவன் என்ன சொல்வான்? செவுரு மட்டும்தான் தெரிந்தது என்பான். ரோஜாவை வாய் திறக்க விடமாட்டான். ஊர் அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளும். அழிக்காமல் வைத்தால் ஸ்டேஷனில் யாரோ பார்ப்பார்கள், கோர்ட்டில் யாரோ பார்ப்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் தோல் உரிகிறது.

"அழிக்காத," என்றாள்.

"ஏத்தா, அசிங்கம்..." என்றார் பால்ராஜ்.

"எனக்கு என்ன அசிங்கம்? என் வீட்டுல, என் தண்ணிய, என் ஒடம்புல ஊத்துனேன். அதுல என்னய்யா அசிங்கம் இருக்கு? மாடியில கண்ண வச்சுப் பாத்தான் பாரு, அவனுக்குத்தான் அசிங்கம். அந்த அசிங்கத்த அழிச்சுக் குடுக்குறதுக்கா இங்க இம்புட்டுப் பேரு உக்காந்திருக்கீக?"

பிரபாகரன் போனைப் பிடுங்க ஒரு எட்டு வைத்தான். கன்னையன் அவன் நெஞ்சில் கையை வைத்து நிறுத்தினார். அடிக்கவில்லை, தள்ளவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை அப்படி ஒரு இடத்தில் குருவம்மாள் பார்த்ததில்லை.

ரோஜா போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குள் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். "நானும் வர்றேன்க்கா" என்றாள். கருப்பம்மாள் அதற்குள் சவுகத் அலிக்குச் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை லோடு கிடையாது, அதனால் வீட்டில்தான் இருந்தார். ரோட்டில் நிறுத்தாமல் ஜீப்பைச் சந்துக்குள்ளேயே கொண்டுவந்தார். ஹாரனும் அடித்தார்.

வழக்கு இன்று வரை நடக்கிறது. பிரபாகரன் ஜாமீனில் வந்து கடையில் உட்கார்ந்திருக்கிறான், வெள்ளைச் சட்டையும் திருநீறும் அப்படியே இருக்கின்றன. கேமராவைப் போலீஸ் கழற்றிக்கொண்டு போனது. ரோஜா பிள்ளைகளோடு பொட்டிபுரத்தில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். வாய்தாவுக்கு வாய்தா தவறாமல் வருகிறாள். பெரிய மனுஷனைத் தெருவில் இழுத்துவிட்டாள் என்று குருவம்மாளிடம் பேசாதவர்கள் சந்தில் இன்னும் உண்டு. வீட்டை விற்கிற பேச்சைக் கன்னையன் அப்புறம் எடுக்கவில்லை. அன்றைக்கு ஸ்டேஷனில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தத் தடவை பழைய ஸ்டேஷனுக்குப் போகவில்லை, பெண்கள் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே இருந்த எஸ்.ஐ. சின்ன வயசுப் பெண். குருவம்மாளின் மகள் வயசுதான் இருக்கும். எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். ரோஜா முந்தானையை அவிழ்த்துப் போனை மேஜை மேல் வைத்தாள். எஸ்.ஐ. அதை எடுக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குருவம்மாளுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, கேசு எழுதணும்னா நான் இத ஒரு தடவ பாக்கணும். நான் மட்டும்தான் பாப்பேன். பாக்கலாமா?"

குருவம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரபாகரன் கேட்காமல் பார்த்தான். பால்ராஜ் கேட்காமல் பார்க்க வந்தார். தகரம் போடச் சொன்னவர்களும், விற்கச் சொன்னவர்களும், அழிக்கச் சொன்னவர்களும் எல்லாம் அவளுக்காகத்தான் பேசினார்கள், அவர்களில் அவளை ஒரு வார்த்தை கேட்டவர்கள் யாரும் இல்லை. இந்தப் பெண் கேட்கிறது. வேண்டாம் என்று சொன்னால் எடுக்காது போலிருக்கிறது.

அத்தனை மாதமும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எஸ்.ஐ. போனைத் தொடாமல் காத்திருந்தாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, மூக்கைச் சிந்திவிட்டு, குருவம்மாள் போனை அந்தப் பெண்ணின் பக்கம் தன் கையாலேயே நகர்த்தினாள்.

"பாரு ஆத்தா," என்றாள்.